தப்புக்கு அரை கழியும்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றவில்லை. கேட்டார்கள், எழுதுகிறேன். இதை முதலிலேயே போட்டு உடைத்துவிட்டால் பிறகு நெஞ்சில் ஊறியது, கனவில் வந்தது என்றெல்லாம் அளக்க வேண்டியிருக்காது.

நுழைவுத் தேர்வுப் பயிற்சி நிலையம் ஒன்றின் மேலாளர் கூப்பிட்டார். அவர்கள் போடுகிற மாதிரித் தேர்வுப் புத்தகத்தின் கடைசிச் சில பக்கங்களுக்கு ஒரு கதை வேண்டுமாம்.

"மாதிரித் தேர்வுல மார்க் கொறைஞ்சதும் புத்தகத்த மூடி வெச்சிடறாங்க சார். பின்னாடி ஒரு கதை இருந்தா மனசு தேறிடுவாங்க. கொஞ்சம் நம்பிக்கையா எழுதிக் குடுங்க."

"நம்பிக்கையான்னா எப்படி?"

"மொதல்ல கம்மி மார்க். அழறா. யாராவது பெரியவங்க ஒரு நல்ல வார்த்தை சொல்றாங்க. திரும்பப் படிக்கிறா. கடைசியில மொத இடம். உங்களுக்குத் தெரியாததா சார்!"

எனக்குத் தெரியும். இந்த மாதிரிக் கதை எனக்கு அத்துபடி. ஆனால் மார்க் குறைந்து போய்க் குமைகிறவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருக்க, முதல் இடம் மட்டும் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. கணக்குச் சொல்லிக் கொடுத்துப் பிழைக்கிற நிலையத்துக்கு இந்தச் சின்னக் கழித்தல் எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. சரி என்றேன். என்னைப் போன்றவர்கள் எதற்குத்தான் சரி என்று சொல்லவில்லை?

2

தொடக்கம் ஒன்று:

திரையில் அந்த எண்ணைப் பார்த்ததும் அவள் கண்ணோரம் ஒரு துளி நீர்—

(விட்டேன். முதல் வரியிலேயே அழுகிறவளை வைத்துக்கொண்டால், கதையில் வருகிற மற்றவர்களுக்கு முதுகைத் தட்டிக் கொடுப்பதைத் தவிர வேறு வேலை இருக்காது.)

தொடக்கம் இரண்டு:

தோல்வி என்பது வெற்றிக்கு—

(இதை முடிக்கக் கை கூசுகிறது. நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். எப்படி முடித்தாலும் அது ஏதாவது ஒரு நாட்காட்டியில் ஏற்கெனவே அச்சாகியிருக்கும்.)

தொடக்கம் மூன்று:

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான்கு பேர் உட்கார்ந்து தேர்வு எழுதினார்கள். அவர்களில் ஒருத்திக்குத்தான் தேர்வு இருந்தது.

இது இருக்கட்டும்.

3

அந்த ஒருத்தி கண் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். டாக்டரிடம் போவதற்கு முன்னால் உங்களை ஓர் இருட்டறையில் உட்காரவைத்து, ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லி, எதிரே வெளிச்சப் பலகையில் இருக்கிற எழுத்துகளைப் படிக்கச் சொல்வார்களே, அந்த வேலை. கனமான வட்டச் சட்டத்தை மூக்கில் மாட்டி, கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி, "இது நல்லாத் தெரியுதா, முன்னாடி போட்டது நல்லாத் தெரிஞ்சுதா?" என்று கேட்கிறவள். மருத்துவமனையில் அவளுக்கு 'ரீடிங் அக்கா' என்று பெயர். வாசல் காவலாளியிலிருந்து பெரிய டாக்டர் வரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பெரிய டாக்டருக்கு அவளைவிட இருபது வயது கூட.

அவள் இதற்கென்று படித்தவள் இல்லை. வேலைக்குச் சேர்ந்து, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவள். இப்போது மருத்துவமனை ஓர் உத்தரவு போட்டுவிட்டது. அடுத்த ஆண்டிலிருந்து, கண் பரிசோதனைப் படிப்பு படித்தவர்களோ படித்துக்கொண்டிருப்பவர்களோதான் இருட்டறையில் உட்காரலாம். மற்றவர்கள் டோக்கன் கொடுக்கிற கவுன்டருக்குப் போகவேண்டும். மாலைக் கல்லூரி ஒன்றில் அந்தப் படிப்பு இருக்கிறது. அதில் சேர நுழைவுத் தேர்வு எழுதவேண்டும். அவளுக்கு வயது வரம்பு இந்த ஆண்டோடு முடிகிறது. இந்தத் தேர்வு போனால் இருட்டறையும் போயிற்று.*

இருட்டறையில் அப்படி என்ன கொட்டிக் கிடக்கிறது என்று கேட்பீர்கள். சொல்கிறேன். சரியான வில்லையைச் செருகியதும், அதுவரை மசமசவென்று இருந்த பலகை சட்டென்று தெளியும். அப்போது எல்லோரும், எப்பேர்ப்பட்ட முசுடாக இருந்தாலும், "ஆங்!" என்று ஒரு சத்தம் போடுவார்கள். அந்தச் சத்தம் அவளுக்குப் பிடிக்கும். அதைக் கேட்கத்தான் அவள் காலையில் பேருந்து ஏறுகிறாள். டோக்கன் கவுன்டரில் யாரும் அப்படிச் சத்தம் போடுவதில்லை, போடுகிற சத்தமெல்லாம் வேறு வகை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு தேவைப்படும். அந்த நாற்காலியில் உட்காருகிறவர்களில் பாதிப் பேர் அதைப் பரீட்சை என்று நினைத்துக்கொள்கிறார்கள். கடைசி வரி தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்ல மாட்டார்கள். கண்ணை இடுக்கி, வாய்க்கு வந்த எழுத்தைச் சொல்வார்கள். அவள் ஒவ்வொருவரிடமும் அதையே சொல்கிறாள்: "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. ஊகிச்சுச் சொன்னா தப்புக் கண்ணாடிதான் வரும்."

* மேலாளருக்கு இந்த இடம் ஒப்பவில்லை. "பொண்ணு கொஞ்சம் சின்ன வயசா இருக்கட்டுமே சார், பதினேழு பதினெட்டு?" என்றார். வீடும் வேலையும் உள்ளவள் படித்தால் யாருக்கும் உருக்கம் வராதாம். வயதைத் தவிர வேறு எதை வேண்டுமானாலும் மாற்றுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அது பொய்.

4

முதல் மாதிரித் தேர்வை அவள் தனியாகத்தான் எழுதினாள். நூறு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை, அதில் ஒன்றைக் குறிக்கவேண்டும். சரியாக இருந்தால் ஒரு மதிப்பெண். தப்பாக இருந்தால் அரை மதிப்பெண் கழியும். காலியாக விட்டால் வரவும் இல்லை, செலவும் இல்லை. அவள் தெரிந்ததைக் குறித்தாள், தெரியாததை விட்டாள், கூட்டிக் கழித்துப் பார்த்தாள். நாற்பத்தொன்பது. போன ஆண்டு கடைசியாக இடம் கிடைத்த ஆள் ஐம்பத்தைந்து எடுத்திருந்தார் என்று புத்தகத்தின் பின்னட்டை சொன்னது.

முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து அவள் கணவனுக்கு மனசு கேட்கவில்லை. அவன் மின்தூக்கி பழுது பார்க்கிற கம்பெனியில் மேற்பார்வையாளன். எது நின்றுபோனாலும் உடனே கையை வைத்துவிடுகிறவன்.

"ஒத்தையா எழுதினா யாருக்கும் போரடிக்கத்தான் செய்யும். ஞாயித்துக்கிழமை நாங்களும் கூட எழுதறோம். உனக்கு ஒரு கம்பெனி."

இந்த வீட்டில் கெட்டவர்கள் யாரும் இல்லை. அதுதான் எனக்குத் தொல்லை. கெட்டவன் ஒருவன் கிடைத்தால் கதை தானாக ஓடும், நான் காலை நீட்டி உட்கார்ந்திருப்பேன். நல்லெண்ணம் பிடித்து ஆட்டுகிற நான்கு பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அவள் மருத்துவமனை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, அங்கிருந்த இயந்திரத்திலேயே நகல் எடுத்துவந்தாள். காகிதத்தை வீணாக்க வேண்டாம் என்று கேள்விப் பக்கங்களையும் விடைப் பக்கத்தையும் மட்டும் எடுத்தாள். (இந்த வரியை வேண்டுமென்றேதான் இங்கே வைக்கிறேன். பிறகு வந்து ஒளித்துவைத்தேன் என்று சண்டைக்கு வராதீர்கள்.)

ஆக, ஞாயிற்றுக்கிழமை. மேசையின் தலைமாட்டில் மாமனார், கையில் டீ. பேருந்து டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலமெல்லாம் வண்டி கிளம்பும் நேரத்துக்காக ஓட்டுநர்களின் உயிரை வாங்கியவர், இப்போது கடிகாரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆற அமர எழுதுவார். அவருக்கு இடப் பக்கம் நாத்தனார், இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறவள். பீன்ஸை இங்கே கொண்டுவந்து நறுக்கிக்கொண்டே எழுதுவாள். கணவன் ஒரு கண்ணைச் சத்தம் குறைத்த தொலைக்காட்சியில் வைத்திருப்பான். ரீடிங் அக்கா மட்டும் செல்போனில் அலாரம் வைத்துக்கொண்டு, முதுகை வளைத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதுவாள்.

அவரவர் தாளை அவரவரே திருத்தவேண்டும். குடும்பத்துக்குள் என்ன நம்பிக்கையின்மை? பிறகு மாமனாரிலிருந்து வரிசையாக மதிப்பெண்ணைச் சொல்லவேண்டும்.

"அறுபத்துநாலு," என்றார் மாமனார்.

"அப்பா, கலக்கறீங்க போங்க!" என்றாள் நாத்தனார். "எனக்கு அம்பத்தஞ்சு. அதுவும் பீன்ஸ் நறுக்கிக்கிட்டே."

"அம்பத்தொம்பது," என்றான் கணவன். தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பார்க்காத மாதிரி பார்த்தார்கள்.

"அம்பத்திரண்டு."

"பரவால்லம்மா," என்றார் மாமனார். "போன வாரத்துக்கு இது தேவல."

"அண்ணி, நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க," என்றாள் நாத்தனார். "நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க. நான் பாருங்க, டக்கு டக்குன்னு போட்டுட்டுப் போயிக்கிட்டே இருப்பேன்."

அடுத்த ஞாயிறும் அவள்தான் கடைசி. அதற்கடுத்த ஞாயிறும் அவள்தான். ஒவ்வொரு தடவையும் ஆறுதல் கூடுதலாகக் கிடைத்தது. விடியற்காலையில் படி என்றார்கள். விடியற்காலையில் படிக்காதே, தூக்கம் முக்கியம் என்றார்கள். மூச்சை இழுத்து நான்கு எண்ணி விடச் சொன்னார்கள். செல்போனைத் தூரப் போடச் சொல்லி செல்போனிலேயே செய்தி அனுப்பினாள் நாத்தனார். ஐம்பத்தொன்பது எடுத்தவன் ஐம்பத்திரண்டு எடுத்தவளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தான், தப்பாக. ஆறுதல் சொல்கிறவர்களின் முகத்தை நீங்கள் எப்போதாவது பக்கத்தில் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? பாதி வருத்தம். மீதிப் பாதி, நல்லவேளை நான் இல்லை என்கிற பளபளப்பு. நானும் அந்த முகத்தோடு பலரிடம் போயிருக்கிறேன், நீங்களும் போயிருப்பீர்கள்.

5

இவள் ஏன் ஒரு நாளாவது கத்தவில்லை?

எனக்கே சந்தேகமாகத்தான் இருக்கிறது. நான் ஒரு வரைவில் அவளைக் கத்தவைத்துப் பார்த்தேன்:

அவள் தாளைக் கிழித்து எறிந்தாள். "போதும்!" என்று அவள் அலறியபோது அந்த வீடே—

(விட்டேன். அந்த வீடே ஒன்றும் ஆகாது. கீழ்வீட்டுக்காரர் மட்டும் காலிங் பெல்லை அடித்து என்ன சத்தம் என்று கேட்பார்.)

உண்மையில் அவள் நினைத்துக்கொண்டது வேறு. சின்ன எண் பெரிய எண்ணைப் பார்த்துக் கத்த முடியுமா? பள்ளிக்கூடத்தோடு படிப்பை விட்டுவிட்ட நாத்தனார் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே தன்னை முந்துகிறாள் என்றால், குறை தன் மண்டையில்தான் என்று முடிவுக்கு வந்துவிட்டாள். பேருந்தில் படித்தாள், மதியம் சாப்பிடும்போது படித்தாள். ஐம்பது, ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு என்று முட்டி முட்டி அங்கேயே நின்றது. இருட்டறையில் ஒருவர் "ஆங்!" என்றபோது அவளுக்கு முதல் தடவையாக எரிச்சல் வந்தது. அன்றைக்குத்தான் அவள் உள்ளுக்குள் விட்டுவிட்டாள்.

மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுக்கும்போது கணவனிடம் சொன்னாள்.

"என்னங்க, நான் பரீட்சைக்குப் போகலை."

அவன் போர்வையின் இன்னொரு முனையைப் பிடித்து மடித்தான். ஏன் என்று கேட்பான் என்று அவள் எதிர்பார்த்தாள்.

"சரி, விடு. எல்லாருக்கும் எல்லாமும் வந்துடாது. கவுன்டர்னா உனக்கும் நல்லதுதான். எத்தனை நாளைக்கு அந்த இருட்டுலயே உக்காந்திருப்பே?"

"ம்."

"அப்பா விஷயம் தெரியுமா? அவரும் அப்ளிகேஷன் போட்டிருக்காரு. ஓய்வு பெற்றவங்களுக்குத் தனியா ரெண்டு இடம் இருக்காம், வயசு வரம்பு கிடையாதாம். ஹால் டிக்கெட்டே வந்துடுச்சு. உன்னோட சென்டர்தான்."

அவள் வானத்தை அண்ணாந்து பார்த்—

(விட்டேன். அந்த மாடியிலிருந்து அண்ணாந்தால் தண்ணீர்த் தொட்டியின் அடிப்பாகம்தான் தெரியும். அவள் பார்த்தது அதைத்தான். அவளுக்கு அவமானமாக இருந்தது, அவ்வளவுதான். இதற்கு மேல் அதை அழகுபடுத்த என்னிடம் எதுவும் இல்லை.)

6

தேர்வுக்கு முந்தைய ஞாயிறு. மேசையில் மூன்று பேர்தான் எழுதினார்கள். அவள் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

மாமனார் எழுதி முடித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும்போது திருகாணி எங்கேயோ தெறித்து விழுந்தது. ஒரு கால் தனியாகக் கையோடு வந்துவிட்டது. குனிந்து தேடினார்கள், கிடைக்கவில்லை.

"என்னம்மா, நீதான் எழுதலையே. இதையாவது திருத்திக் குடேன்," என்று தாளை நீட்டினார்.

அவள் ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்து, சிவப்புப் பேனாவை எடுத்துத் திருத்தினாள். அறுபத்தாறு சரி. முப்பத்துநான்கு தப்பு. காலியாக விட்டது ஒன்றுகூட இல்லை. அதைப் பார்த்து அவளுக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது, இந்த வயதில் மனிதர் எல்லாவற்றுக்கும் துணிந்து குறிக்கிறாரே என்று. கை தன் பழக்கத்தில் கணக்குப் போட்டது. முப்பத்துநான்கில் பாதி பதினேழு. அறுபத்தாறில் பதினேழு போனால் நாற்பத்தொன்பது.

தப்பாகப் போட்டுவிட்டோம் என்று நினைத்து இன்னொரு தடவை போட்டாள். அதே நாற்பத்தொன்பது.

பழைய செய்தித்தாள் அடுக்குக்குள் போன வாரங்களின் தாள்கள் எல்லாம் கிடந்தன. எடுத்தாள். மாமனாரின் அந்தப் புகழ்பெற்ற அறுபத்துநாலு, நாற்பத்தாறு ஆயிற்று. கணவனின் ஐம்பத்தொன்பது முப்பத்தெட்டரை ஆயிற்று. பீன்ஸ் நறுக்கிக்கொண்டே எடுத்த ஐம்பத்தைந்து முப்பத்திரண்டரையில் வந்து உட்கார்ந்தது. எதிலும் ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. யாரும் எதையும் கழித்ததில்லை.

பிறகுதான் அவள் தன் புத்தகத்தைத் திறந்து முதல் பக்கத்தைப் பார்த்தாள். 'தேர்வருக்கான அறிவுரைகள்.' நான்காவது வரியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அவள் காகிதத்தை மிச்சம் பிடிக்க நகல் எடுக்காமல் விட்ட ஒரே பக்கம் அது.

அவளுக்கு வந்தது சந்தோஷம். கலப்படமில்லாத, கொஞ்சமும் நாகரிகமில்லாத சந்தோஷம். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கோபம் வந்தது.

7

இந்த இடத்தில் மேலாளர் உற்சாகமாகிவிட்டார். கதை எதுவரை வந்திருக்கிறது என்று கேட்டார், சொன்னேன்.

"அருமை சார்! இப்ப அவங்க அதை யார்கிட்டயும் சொல்லாம தாளை மடிச்சு வெச்சுடறாங்க. மாமனார் மனசு நோகக் கூடாதுன்னு. என்ன ஒரு பெரிய மனசு!"

நான் யோசித்துப் பார்த்தேன். அவளுடைய மார்க் குறைந்தபோது அந்த வீட்டில் யாரும் எதையும் மடித்து வைக்கவில்லை. பெரிய மனசு என்பது ஏன் எப்போதும் கடைசியில் நிற்கிறவளிடமே வசூலிக்கப்படுகிறது?

"அது வேண்டாம்னா இன்னொண்ணு சார். மாமனாருக்கு எல்லாம் மொதல்லயே தெரியும். மருமகளுக்கு ரோஷம் வரணும்னுதான் மார்க்கை ஏத்திச் சொன்னாரு. கடைசியில கண் கலங்கச் சொல்றாரு—"

தொலைபேசியை வைத்துவிட்டேன். ரோஷம் வரவைப்பதற்காகத்தான் குத்தினேன் என்று சொல்லிக் கைகழுவுகிறவர்களை நான் நிஜ வாழ்க்கையிலேயே போதுமான அளவு பார்த்தாயிற்று. கதையிலும் சோறு போட முடியாது.

அவள் செய்தது இதுதான். தாள்களைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள்.

"மாமா, நாப்பத்தொம்பது."

"என்னது?"

"அறுபத்தாறு சரி, முப்பத்துநாலு தப்பு. தப்புக்கு அரை கழியும். நாப்பத்தொம்பது."

"கழியுமா? அப்படின்னு எங்க போட்டிருக்கு?"

அவள் புத்தகத்தை நீட்டினாள். கண்ணாடி இல்லாமல் அவர் அதை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், தூரத்தில் பிடித்தார், மகனிடம் கொடுத்தார். மகன் அந்த வரியைச் சத்தமாகப் படித்தான். படித்து முடித்துவிட்டு, பக்கத்தைப் புரட்டி வேறு எங்காவது மறுத்துச் சொல்லியிருக்கிறதா என்று பார்த்தான்.

"இது என்னண்ணி அநியாயம்?" என்றாள் நாத்தனார். "தெரியாததுக்கு மார்க் குடுக்காம இருக்கலாம், நியாயம். கையில இருக்கறதையும் புடுங்குவாங்களா?"

"உனக்கு முப்பத்திரண்டரை."

பீன்ஸ் நறுக்குகிற சத்தம் நின்றது.

கணவன் அவளை அடுப்படிக்குள் தள்ளிக்கொண்டு போனான்.

"அப்பா மூஞ்சியப் பாத்தியா? ரிட்டயர் ஆனதுக்கப்புறம் இப்பதான் கொஞ்சம் கலகலன்னு இருந்தாரு. பரீட்சை முடியற வரைக்கும் சொல்லாம இருந்திருக்கலாம்ல? அவரு மனசு கஷ்டப்படும்னு உனக்குத் தோணலையா?"

"ரெண்டு மாசமா வாரா வாரம் நான்தான் கடைசி. அப்ப என் மனசு எங்க கெடக்குன்னு யாராவது தேடினீங்களா?"

"நாங்க உனக்காகத்தானே எழுதினோம்?"

"அதத்தான் நானும் சொல்றேன். எனக்காக எழுதி, என்னையே தோக்கடிச்சீங்க. நானும் நம்பி, போகலைன்னு சொல்லிட்டேன். ஏன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? போர்வையை மடிச்சீங்க."

அவள் டீயை வடிகட்டினாள்.

"உங்களுக்கு முப்பத்தெட்டரை. சும்மா சொல்லி வைக்கிறேன்."

சாயங்காலம் மாமனார் அவளிடம் வந்தார். ஒற்றைக் கால் கண்ணாடியை நூலால் காதில் கட்டியிருந்தார். சமாதானமாகப் பேச வந்திருக்கிறார் என்று நினைத்தாள். அவருக்குத் தெரிந்துகொள்ளவேண்டியது வேறு.

"நீ எத்தனை விடறே?"

"முப்பது கிட்ட விடுவேன் மாமா."

"தெரியலைன்னா அப்படியே விட்டுடுவியா? கை குறுகுறுங்காது?"

"தினம் அதைத்தானே நான் எல்லாருக்கும் சொல்றேன்?"

"எனக்கு அது வராதும்மா," என்றார். "டிப்போ ரிஜிஸ்டர்ல ஒரு கட்டம் காலியா இருந்தா மெமோ குடுத்துடுவாங்க. வண்டி வந்ததைப் பாக்காட்டியும் ஏதாவது ஒரு நேரத்தப் போட்டுடுவோம். சர்வீஸ் பூரா அப்படித்தான்."

நாம் எல்லோரும் எந்த நம்பிக்கையில் பேருந்து நிறுத்தத்தில் நின்றோம் என்பது இப்போது தெரிகிறது.

8

அவள் போனாள். இருவரும் ஒரே ஆட்டோவில்தான் போனார்கள்.

தேர்வு மையத்தின் வாசலில் ஒரு பயிற்சி நிலையத்தார், எந்த நிலையம் என்று சொல்லமாட்டேன், 'உன்னால் முடியும்' என்று அச்சடித்த பேனாக்களை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மாமனார் இரண்டு வாங்கிக்கொண்டார்.

கூடத்தில் அவருக்கு அவளுக்கு முன் வரிசையில் இடம். வளைந்த முதுகும், காதில் கட்டிய நூலும் அவளுக்குத் தெரிந்தன. மணி அடித்ததும் அவருடைய தோள் அசைய ஆரம்பித்தது. டக்கு டக்கென்று குறித்துக்கொண்டே போனார்.

அவள் தெரிந்ததை எல்லாம் குறித்து முடித்தாள். மிச்சம் விட்டவை வழக்கம்போல ஒரு கூட்டமாக நின்றன. இங்கேதான் நான் உங்களிடம் நேர்மையாக இருக்கவேண்டும். வீட்டாரைவிட அவள் கெட்டிக்காரி என்று தெரிந்துவிட்டது, சரி. கல்லூரி வீட்டாரோடு அவளை ஒப்பிடப் போவதில்லை. ஐம்பத்திரண்டு என்பது ஐம்பத்தைந்து ஆகாது. நேர்மையாகக் காலி விட்டாள் என்பதற்காக யாரும் மூன்று மதிப்பெண் சேர்த்துப் போடமாட்டார்கள். எதையாவது குறித்து அடித்தால் அடிக்கும். அடிக்காவிட்டால், இருப்பதும் போய் டோக்கன் கவுன்டர்தான்.

அவள் பேனா ஒரு கட்டத்தின் மேல் வந்து நின்றது. விடை இரண்டில் ஒன்று என்பது வரை அவளுக்குத் தெரியும். எது என்று தெரியாது. மசமசவென்று இருந்தது.

தற்செயலாக நிமிர்ந்தாள். முன்னால் தோள் அசையவில்லை. மாமனார் தாளைப் பார்த்துக்கொண்டு, வலது கையை இடது கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏதோ ஒரு கட்டத்தைக் காலியாக விடப் பார்க்கிறார். பிடியை விட்டால் கை போய்க் குறித்துவிடும் என்கிற மாதிரி இருந்தது அவர் பிடித்திருந்த விதம். ஆயுள் முழுக்க நிரப்பியே பழகிய மனிதர். கழுத்து வியர்த்திருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு மாதமாக இல்லாத சிரிப்பு. உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு குனிந்து தன் கட்டத்தைப் பார்த்தாள், ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். பேனா—

9

மேலாளர் மறுபடி கூப்பிட்டார்.

"எத்தனை மார்க் சார்? மொத இடம்தானே?"

"தெரியலை."

"குறிச்சாங்களா, விட்டாங்களா? அதாவது தெரியுமா?"

"தெரியலை."

"என்ன சார் இது, நீங்கதானே எழுதறீங்க?"

"நான்தான் எழுதறேன். அந்த வரி எனக்குத் தெளிவாத் தெரியலை. சொல்லுன்னா ஊகிச்சுத்தான் சொல்ல முடியும்."

"அப்ப ஏதாவது ஒண்ணு போடுங்க சார்! புத்தகம் அச்சுக்குப் போகுது. முடிவைக் காலியா விட முடியுமா?"

எனக்குக் கை குறுகுறுக்கத்தான் செய்கிறது. அறுபது என்று போட்டால் நீங்கள் கண் கலங்குவீர்கள். ஐம்பத்து நாலரை என்று போட்டால் என்னைப் பெரிய இலக்கியவாதி என்பீர்கள். இரண்டையும் எழுதிப் பார்த்தேன், இரண்டுமே கச்சிதமாக இருந்தன. அதனால்தான் இரண்டையும் கிழித்தேன். இப்போது என் வலது கையை இடது கை பிடித்துக்கொண்டிருக்கிறது, இந்த வரிகளைக் கொஞ்சம் சிரமப்பட்டுத்தான் எழுதுகிறேன்.

கீழே இடம் விட்டிருக்கிறேன்.

ரீடிங் அக்கா எடுத்த மதிப்பெண்: ................

உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லுங்கள், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். சும்மா நல்லெண்ணத்தில் எதையாவது நிரப்பிவைக்காதீர்கள். தப்புக்கு அரை கழியும், அது அவள் கணக்கில்தான் கழியும்.